சுலைஹா கடைப் பின்சுவர்

சுகுமாரனுக்கும் பெரணிச் செடிக்கும் ஆகவே ஆகாது. பினாங்கில் பாக்கிஸ் என்றால்தான் அந்தச் செடி எல்லோருக்கும் தெரியும். சுகுமாரன் அதற்கு வைத்திருக்கும் பெயரோ அச்சில் போடக்கூடியது அல்ல. இருபத்திரண்டு வருடமாகப் பழைய கடைவீடுகளின் சுவரைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு பூசுவதுதான் அவர் பிழைப்பு. வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாய் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் சுலைஹாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை இருக்கிறது. பக்கத்து வீட்டு முற்றத்தை ஒட்டிய அதன் பின்சுவரில் ஒவ்வொரு ஜனவரியும், மழை விட்டுச் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, சுகுமாரன் ஏணி போட்டு ஏறுவார். பெரணியைப் பிடுங்குவார், வேரைச் செதுக்குவார், துடைப்பத்தால் சுவரைப் போட்டு அடிப்பார். பிறகு தண்ணீர் பீய்ச்சி, ஈரத்தோடு சுண்ணாம்பு பூசுவார். ஜூலையில் சுவர் மறுபடி பச்சை கட்டும். அடுத்த ஜனவரிக்குள் முழ நீளத்துக்கு இலை தொங்கும்.

"வேர ஒழுங்கா எடுத்தீங்களா அண்ணே? திரும்பத் திரும்ப வருதே" என்று ஆறு வருடத்துக்கு முன்னால் சுலைஹா கேட்டாள். தன் வேலையைச் சந்தேகப்பட்டுவிட்டாளே என்று சுகுமாரனுக்குச் சுருக்கென்றது. ஏணியில் நின்றபடியே பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் எடுத்துட்டேன்லா. பக்கத்து வீட்டுக்காரரு எடுக்கணும்ல? அங்கேருந்துதான் வருது."

பக்கத்து வீடு பழனியப்பனுடையது. சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போட்டுக் கொடுப்பவர். முற்றத்துத் தொட்டியில் ஒரு பெரிய பெரணியை ஆசையாக வளர்த்தும் வந்தார். அன்றைக்கே சுலைஹா போய்க் கேட்டாள். அவர் ரோசக்காரர், இவளும் சளைத்தவள் இல்லை, வார்த்தை தடித்துவிட்டது. அதுவரை பெருநாளுக்கு இங்கிருந்து பிரியாணி போகும், தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும். இரண்டும் நின்றன. பத்தடி தூரத்தில் கடை வைத்துக்கொண்டு ஆறு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

சுகுமாரனுக்கு இதில் ஓர் உறுத்தலும் இல்லை. தான் சொன்னது உண்மை என்றே நம்பினார்.

இந்த ஜனவரியில் சுலைஹா ஒரு தாளோடு வந்தாள். பழனியப்பன் பேரில் நகராண்மைக் கழகத்துக்குப் புகார். "செடி அவர் சுவர்லேருந்துதான் வருதுன்னு நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும் அண்ணே. திங்கக்கிழம குடுக்கப் போறேன்."

"போட்டுட்டாப் போச்சு தங்கச்சி" என்று தாளை வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

சுகுமாரன் வீடு சுங்கை பினாங் அடுக்குமாடியில், ஏழாவது மாடி. மனைவி துளசிக்கு பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, தூசி நுழையவே கூடாத அறையில். அவருடைய வேலைச் சட்டையில் படிந்து வரும் பழுப்புத் தூளைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். குளியலறைக்குள்ளேயே ஓர் ஆணி அடித்து, சட்டை அதைத் தாண்டி வரக்கூடாது என்று வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறாள். அன்று அவள் வேலை முடிந்து வந்த வேகத்தில் கைப்பை நாற்காலியில் விழுந்தது.

"மூணு தடவ என்னைய வெளியே அனுப்பிட்டாங்க, தெரியுமா? உங்க சட்டை பக்கத்துல காய்ஞ்ச காலுறைய மாட்டிட்டுப் போனேன். நோர்மா அந்தத் தூள எடுத்து லென்ஸ்ல வெச்சுப் பாத்தா. தூசியே இல்லையாம். பாக்கிஸோட வித்தாம்."

நோர்மா துளசியின் மேலாளர். வீட்டில் பாக்கிஸ் வளர்ப்பவள்.

"வித்தா? அதுக்குப் பூ ஏது, காய் ஏது?" என்றார் சுகுமாரன்.

"ரெண்டும் கிடையாதுங்க. இலைக்குப் பின்னால பழுப்பா ஒட்டியிருக்குமே, அது காய்ஞ்சதும் வெடிச்சுப் பறக்குமாம். ஈரத்துல விழுந்தா முதல்ல பாசி மாதிரி பச்சையாப் படருமாம். அதுல தண்ணி பட்டாத்தான் செடி உண்டாகுமாம். வாங்க இங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைச் சுவரைக் காட்டினாள். ஆணிக்குக் கீழே, ஈரம் சொட்டும் இடத்தில், நகத்தளவு பச்சைத் துணுக்குகள் அப்பியிருந்தன. பாசி என்று அவர் தினமும் பார்த்ததுதான். குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றும் குட்டி வெற்றிலை வடிவில் இருந்தது. ஒன்றின் அடியிலிருந்து நுனி சுருண்ட ஓர் இலை எட்டிப் பார்த்தது.

"இது ஏழாவது மாடி" என்றாள் துளசி. "பழனியப்பன் இங்கயும் வந்து நட்டுட்டுப் போனாரா?"

சுகுமாரன் ஒரு துணுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். காய்ந்த நாளாகப் பார்த்துத் துடைப்பத்தால் அடித்தது யார்? அந்தத் தூள் விரிசலுக்குள் இறங்கியதும் தண்ணீர் பீய்ச்சியது யார்? இருபத்திரண்டு வருடம் ஏணி போட்டு ஏறி, விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, அடுத்த வருடம் அறுவடைக்கும் வந்திருக்கிறார். அவமானத்தில் காது சுட்டது. சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் அந்தச் சந்தில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

காலையில் கையெழுத்தில்லாத தாளைச் சுலைஹாவின் மேசையில் வைத்தார். "நான்தான் தங்கச்சி. அவர் இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

சுலைஹா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷம் அண்ணே" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு நடந்தாள். சுகுமாரன் பின்னாலேயே போனார்.

பழனியப்பன் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். சுகுமாரன் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு எழுந்து, "வாங்க" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு பச்சைப் பொட்டுகூட இல்லை. தொட்டி இருந்த இடத்தில் வட்டமாகக் கறை மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளி, முடியெல்லாம் தேய்ந்துபோன ஒரு பிரஷ்.

"இந்தம்மா வந்து கேட்டுட்டுப் போன அன்னிக்கே செடியத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் பழனியப்பன். "சனிக்கிழம தவறாம இந்தச் சுவரத் தேய்க்கிறேன். இப்பல்லாம் தோள் தூக்க வரல."

சுலைஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகுமாரன் நிமிர்ந்து சுவரின் உச்சியைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம்தான் வருடா வருடம் அவர் ஏணி நிற்கும். இன்னும் இரண்டு படி ஏறியிருந்தால் இந்தச் சுவர் கண்ணில் பட்டிருக்கும். ஒரு வருடம்கூட அவர் ஏறிப் பார்க்கவில்லை.