குதிரை சொன்ன காதல்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ரீட்டா அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அண்ணன் போயிட்டார். கெதியா வாங்கோ. சவப்பெட்டி வைக்க இடமில்லை, வீடு முழுக்கப் படம்.” அக்காவின் கணவரான கொட்டாஞ்சேனை சேவியர் அண்ணனை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது.

அவர் சேர்த்தது சித்திரக்கதைப் புத்தகங்களை அல்ல. அவற்றுக்காக ஓவியர்கள் கையால் வரைந்த மூலப் பக்கங்களை. “அச்சில வந்தது ஊருக்கு. அழிச்சுத் திருத்தினது எனக்கு” என்பார். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரனான எனக்கும் அந்தப் பித்து தடிமன் காய்ச்சல்போலத் தொற்றியது.

அவருடைய உயிர், மூடிய அச்சகமொன்றில் கிடைத்த ஒரு பக்கம்: போருக்குப் புறப்படும் இளவரசன், அவன் குதிரை, வாசலில் இளவரசி. அந்நாளில் வசனங்களைத் தனித்தாளில் எழுதி, வெட்டிப் படத்தில் ஒட்டுவார்கள். கொண்டுவந்த அன்றே எனக்குக் காட்ட விரித்தவர், நாங்கள் வசனங்களை வாசிக்குமுன்னமே புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டார். கோந்து காய்ந்திருந்த மூன்று வசனமும் பறந்தன. இரண்டுதான் அகப்பட்டன. பதற்றத்தில் கண்ணாடி போடாமல் ஒட்டிவிட்டார். “உன்னையே மணப்பேன், கண்ணே” என்றது குதிரை. இளவரசன் கனைத்தான்.

“உரிச்சால் தாள் கிழியும். விடும் தம்பி, குதிரைக்கும் மனசு இருக்கும்தானே” என்றார்.

இளவரசியின் பதில் மட்டும் கிடைக்கவேயில்லை. கதை வெளிவந்த பத்திரிகையும் எவரிடமும் இல்லை. சனிக்கிழமை தோறும் அலுமாரியை நகர்த்தி, கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து தேடுவார். நாமே ஏதாவது எழுதி ஒட்டுவோம் என்றால் கோபம் வந்துவிடும். “அவள் சொல்லாததை நாங்கள் சொல்லப்படாது.”

அடக்கம் முடிந்த மாலை ரீட்டா அக்கா அந்தப் பக்கத்தை என் கையில் தந்தார். “அந்தத் துண்டை அண்டைக்கே நான்தான் கூட்டி அள்ளிக் குப்பையில போட்டனான்.”

“அவரிட்டச் சொல்லியிருக்கலாமே, அக்கா?”

“சொன்னால் பிறகு ஆர் கட்டிலுக்குக் கீழ தூசு தட்டுறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

“அள்ளேக்க வாசிச்சனான். ‘போகாதீர்கள்’ எண்டு இருந்தது.” அதற்குமேல் இருவராலும் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. காதலிக்கும் குதிரையையும் கனைக்கும் இளவரசனையும் அப்படியே வைத்திருக்கிறேன். மின்விசிறி போடுவதில்லை, வியர்த்துக் கொட்டுகிறது. இளவரசிக்கு அருகே வசனமின்றி வெறுமையாகவே இருக்கும். அவள் என்ன சொன்னாள் என்று இன்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போனவர் அண்ணன் ஒருவர்தான்.