மழை நாள் மெம்பர்

1. யாரும் வராத சனிக்கிழமை

பிரதேச சபைக்கு மெம்பராகி முதல் சனிக்கிழமை, தோட்டத்துக் கம்யூனிட்டி ஹோலில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு உட்கார்ந்தேன். புதுச் சேலை, மேசைமேல் புதுப் பேனை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மெம்பர் ஹோலில் இருப்பார், குறை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று கோயில் ஸ்பீக்கரில் சொல்ல வைத்திருந்தேன். குறை இல்லாத ஆள் எங்கள் தோட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் கூட்டத்தைச் சமாளிக்க வாசலில் ஒரு பெஞ்சும் போட்டிருந்தேன்.

பெஞ்சில் ஒரு நாய் வந்து படுத்தது. பூசாரி வந்து கோயிலுக்கு முன்னால் பல்ப் எரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். வெயில் ஏற ஏற எனக்குக் கோபமும் ஏறியது. ஓட்டுக் கேட்டுப் போனபோது வீட்டுக்கு வீடு நிறுத்திவைத்து மூக்கைச் சிந்தின சனம் இப்போது எங்கே போய்த் தொலைந்தது என்று வாய்விட்டே திட்டினேன். நாய் எழுந்து போய்விட்டது.

மத்தியானம் லெச்சுமி அந்த வழியாக வந்தாள். மேல் லயத்து வரிசை வீட்டுக்காரி. இறப்பர் மரம் வெட்டி, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறும் வாளியோடு வந்தாள்.

"என்னக்கா, தனியா ஒக்காந்து யாருக்குப் பாடம் எடுக்கிறீங்க?"

"ஒங்களுக்குத்தான்டி. ஒரு ஈ காக்காயக் காணோம்?"

"வெயிலடிச்சா மரத்த விட்டுட்டு வர முடியுமா? ஒரு பேர் போயிருமே! மழை பேஞ்சா வாங்க. நாங்க எல்லாரும் லயத்துலதான் கெடப்போம்."

எங்கள் தோட்டம் எஹலியகொடவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இறப்பர் தோட்டம். காலையில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, பாலெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். வேலை இல்லை, பேரும் இல்லை. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். வெயில் நாளில் மெம்பரைப் பார்க்க வருவதென்றால் அந்தப் பேரைத் தொலைத்துவிட்டுத்தான் வரவேண்டும். மெம்பராவதற்கு முன் பிள்ளைமடுவத்தில் ஆயாவாகத்தான் இருந்தேன். மழைக் காலையில் தாய்மார் வேலைக்குப் போகாததால் பிள்ளைகளும் வராது, தொட்டில்கள் சும்மா தொங்கும். அதைப் பார்த்தே வயதான எனக்கு, பதவி வந்ததும் புத்தி டவுன் ஆபீஸ் மாதிரி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அன்றோடு சனிக்கிழமையைக் கைவிட்டேன். மழை பெய்தால் மெம்பர் வருவார் என்று பூசாரி ஸ்பீக்கரில் சொன்னார்.

2. குடையும் பிளேன்டீயும்

அதற்குப் பிறகு எனக்கு மாதத்தில் இரண்டு விதமான நாட்கள். வெயில் நாள் சபைக்கு, மழை நாள் சனத்துக்கு. விடியக்காலை கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டால் எழுந்து குடையைத் தேடுவேன். லயத்துக்குப் போனால் ஒரு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் எல்லாரும் கூடிவிடுவார்கள். அடையாள அட்டை வரவில்லை, பிறந்த பதிவில் அப்பா பேர் பிழை, தண்ணி பைப் உடைந்துவிட்டது, வெசாக் தன்சல் அன்னதானத்துக்கு நம்ம பக்கத்திலிருந்து என்ன கொடுக்கலாம், தேருக்கு ரோட்டு மரக்கிளை வெட்ட வேண்டும் என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் பல்ப் வரும். சபை என்றால் பல்ப் போடுகிற கம்பனி என்றுதான் எங்கள் சனத்துக்கு நினைப்பு. பல்பாவது ஒழுங்காகப் போடுகிறோமே என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

"மழைக்கு முன்னாடி தவள கத்தும், மழை வந்தா மெம்பரக்கா கத்தும்" என்பார் மாணிக்கம். அவர்தான் தோட்டத்துத் தலைவர். சண்டையானாலும் சாவானாலும் அவர் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

சிரிப்போம். ஆனால் அவர்கள் என்னைப் பார்க்கிற நாளெல்லாம் சம்பளம் இல்லாத நாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் எனக்கு ஊற்றின பிளேன்டீக்குச் சீனி குறைத்ததில்லை. அந்த இஸ்தோப்புகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

3. ஓயாவுக்கு அந்தப் பக்கம்

மேல் லயத்துக்கு மட்டும் மழை நாளில் என்னால் போக முடியாது. நடுவில் ஓயா என்கிற சின்ன ஆறு ஓடுகிறது. வெயில் நாளில் கணுக்கால் தண்ணீர், கல்லில் கால் வைத்துத் தாண்டிவிடலாம். எங்கள் இரத்தினபுரிப் பக்கத்து மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கல் மறைந்து, தண்ணீர் இடுப்புக்கு வந்து, மரத்தையே உருட்டிக்கொண்டு போகும். அந்த நாட்களில் மேல் லயத்துச் சனம் அந்தக் கரையில் நின்று கத்துவார்கள், நான் இந்தக் கரையில் நின்று கத்துவேன். ஒரு பல்புக்கு இவ்வளவு கத்தின மெம்பர் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். மழை பெய்தால் மேல் லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

லெச்சுமியின் மகள் தர்ஷினி அந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுத இருந்தாள். பிள்ளைமடுவத்தில் நான் தொட்டில் ஆட்டின பிள்ளை. மேல் லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்து வந்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். ஒருநாள் தண்ணீர் வடிந்ததும் லெச்சுமி கல் தாண்டி வந்து என்னிடம் நின்றாள்.

"அக்கா, ஒங்ககிட்ட பல்ப் கேட்டனா? பைப் கேட்டனா? ஒண்ணுதான் கேக்குறேன். பரீட்ச அன்னைக்கு மழை பேஞ்சா எம்புள்ள என்னா செய்யும்?"

பாலம் வேண்டும் என்று அடுத்த மாதக் கூட்டத்திலேயே சொன்னேன். சபையின் டெக்னிக்கல் ஒஃபீசரை எல்லாரும் டீஓ என்போம். அவர் வந்து பார்த்தார். வெயிலில் வந்தார். காற்சட்டையை மடிக்காமலே கல்லில் தாண்டினார். அவசரம் இல்லை என்று எழுதினார். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் வெயிலில் வந்தார். அந்த வருஷம் சபையிடம் இருந்த பணம் ஒரே ஒரு சின்னப் பாலத்துக்குத்தான். அதைக் கேட்டு நிறையப் பேர் நின்றார்கள். ஒரு மெம்பர் எழுந்து, "அக்கே, அந்த ஓயாவுல என்ட நாய்கூட நனையாதே" என்றார். சபையே சிரித்தது.

எனக்கு வந்த கோபத்தில் சிங்களமும் தமிழும் கலந்து வந்தது. "மழை நாள்ல வந்து பாருங்க! நாய் என்ன, நீங்களே மிதப்பீங்க!" என்று மேசையில் தட்டினேன்.

சபைத் தலைவரைக் கடதாசியில் தவிசாளர் என்று எழுதுவோம், வாயில் சபாபதிதான். எங்கள் சபாபதி நல்ல மனுசன். தமிழ் நன்றாக விளங்கும், பேச்சுத்தான் தட்டுத் தடுமாறும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஹரி அக்கே, சரி. அடுத்த மழைக்கு நான் வாறேன்" என்றார்.

4. கால் நனையாத சபாபதி

மழை வந்தது. விடிந்ததிலிருந்து ஊற்றியது. சபாபதியே போன் எடுத்து, டீஓவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நான் உடனே மாணிக்கத்துக்குப் போன் போட்டு, "தலைவரே, சபாபதி இன்னைக்கு மேல் லயத்துக்கு வர்றாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வரிக்கு எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

ஓயாக்கரையில் இறங்கினோம்.

ஓயாவுக்குக் குறுக்கே பாலம்! பருத்த மூங்கில்களை இரண்டு பெரிய பாறைகளுக்கு மேல் அடுக்கி, கயிற்றால் இறுக்கி, பிடித்து நடக்க ஓரத்தில் கம்பும் கட்டியிருந்தார்கள். இரண்டு முனையிலும் தென்னங்குருத்துத் தோரணம். அந்தக் கரையில் மாணிக்கம் மாலையோடும் வெற்றிலைத் தட்டோடும் நின்றார். மழையால் வேலை இல்லை, ஆம்பளைகள் எல்லாரும் லயத்தில் இருந்தார்கள், கேட்கவா வேண்டும்.

சபாபதி குடை பிடித்துக்கொண்டு கம்பீரமாக நடந்து போனார். சப்பாத்தில் ஒரு சொட்டு சேறு இல்லை. டீஓவும் பின்னால் போனார். நான் கடைசியாகப் போனேன். கீழே தண்ணீர் கல்லை உருட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. ஆமாம், மேளமும் இருந்தது.

மாலை விழுந்ததும் சபாபதி என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கே, பாலமக் தியெனவானே!" என்றார். பாலம் இருக்கிறதே என்கிறார். டீஓ என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் என்னை அந்த ஓயாவிலேயே தள்ளிவிட்டிருக்கலாம்.

மாணிக்கத்தைத் தனியாக இழுத்தேன். "அட பாவி மனுசா, என்னா வேல பாத்து வச்சிருக்கீங்க?"

அவருக்கு விளங்கவே இல்லை. "என்னம்மா கேக்குறீங்க? நம்ம எடத்துக்கு வர்ற பெரிய மனுசன் கால் நனையலாமா? நாளைக்கு நாலு பேர் நம்மளப் பத்தி என்னா பேசுவாங்க?"

வந்தவரை வருந்தவிடாத சனம் எங்கள் சனம். அன்றைக்கு அந்த நல்ல குணத்தை நினைத்து எனக்கு அழுகைதான் வந்தது. இனி எந்த முகத்தோடு சபையில் பாலம் கேட்பேன்? தர்ஷினிக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போது லெச்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். யாரையும் கேட்காமல் சபாபதிக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, இது ஒங்களுக்குக் கட்டினது. ஒங்கள ஒரு தடவ இந்தக் கரைக்குக் கொண்டாரத்தான் தாங்கும். எம்புள்ள தெனமும் போகணுங்க."

சபாபதி விளங்காமல் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். பாதிப் பாலம் இல்லை.

நடந்தது இதுதான். அந்த மூங்கில் கோயில் மூங்கில். தேர்த் திருவிழாப் பந்தலுக்கு வைத்திருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. சாமி சொத்தை ஓயா கொண்டுபோனால் அந்த வருஷம் பந்தல் இல்லை. சபாபதி எப்படியும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தானே போவார், அதற்குள் அவிழ்த்துக் கரையேற்றிவிடலாம் என்று பையன்மார் கட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி மூங்கிலும் தோளில் ஏறிக் கோயிலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பாறைகளும் தண்ணீருக்குள் போய்விட்டன.

"தென் கொஹொமத யன்னே?" என்றார் டீஓ. இனி எப்படிப் போவது என்று கேட்கிறார். சிரிப்பு ஓடிப்போயிருந்தது.

"தண்ணி வடிஞ்சா போகலாங்க" என்றாள் லெச்சுமி. "நாங்க அப்படித்தான் போறோம்."

5. இஸ்தோப்பில் ஒரு பகல்

சபாபதிக்கு அன்று ஒரு கல்யாண வீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நெக்கத் என்கிற நல்ல நேரம் போகிறது என்று அங்கிருந்து போன்மேல் போன் வந்தது. முதலில் வருகிறேன் என்றார். பிறகு ஓயாவில் தண்ணீர் என்றார். கடைசியில் வேறு யாரையாவது வைத்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

லெச்சுமி வீட்டு இஸ்தோப்பில்தான் உட்கார்ந்திருந்தோம். ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தது. தர்ஷினி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் இன்றைக்கு ஸ்கூல் போகவில்லை என்று சபாபதி சிங்களத்தில் கேட்டார். இவர் என்ன இப்படிக் கேட்கிறார் என்பதுபோல் அவள் பார்த்தாள்.

"வெஸ்ஸனே சேர்" என்றாள். மழைதானே சேர்.

சபாபதி மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ ஆறும் வரை ஓயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். டீஓ தானாகவே எழுந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்த் தண்ணீர் ஏறின அடையாளத்தைப் பார்த்து வந்தார். அந்தி சாயும்போதுதான் வடிந்தது. சபாபதி சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மாணிக்கம் கையைப் பிடித்துக்கொண்டு கல்லில் தாண்டினார். நடுவில் ஒரு கல்லில் வழுக்கி முழங்கால் வரை இறங்கிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பாலத்தை நான் கேட்கவில்லை. சபாபதியே கொண்டுவந்தார். தோட்டத்தை நடத்தும் துரையும் கம்பனியின் சம்மதத்தைக் கொடுத்தார். நாய்க் கதை சொன்ன மெம்பர்தான் ஆமோதித்தார்.

6. பரீட்சைக் காலை

நினைத்தது போலவே பரீட்சை அன்று மழை. நான் குடையோடு ஓயாவுக்கு ஓடினேன். கொங்கிறீட் பாலம் முடிந்திருந்தது, கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் மட்டும் பாக்கி. கீழே தண்ணீர் பழைய கோபத்தோடுதான் போனது.

லெச்சுமி முதலில் தனியாக வந்தாள். ஒவ்வோர் அடியிலும் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு முழுப் பாலத்தையும் நடந்தாள். திரும்பிப் போய் மகளைக் கூட்டிவந்தாள். தர்ஷினி புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏதோ பாடத்தை முணுமுணுத்தபடியே நடந்து வந்தாள். தண்ணீரைக் குனிந்தே பார்க்கவில்லை. அவள் என்னைத் தாண்டிப் போனதும் லெச்சுமியும் நானும் நடுப்பாலத்தில் நின்று அழுதோம். இனி அந்த ஓயாவுக்குக் குறுக்கே கத்த வேண்டியதில்லை.

பின்னால் சபை கலைந்தது. அடுத்த தேர்தலில் நான் ஓட்டுக் கேட்கவில்லை, முழங்கால் விடவில்லை. இப்போது புதிதாக மெம்பரான பிள்ளைகள் வந்து, எப்படி வேலை செய்வது என்று கேட்கிறார்கள். இரண்டே இரண்டுதான் சொல்வேன். சனத்துக்கு எப்போது வசதியோ அப்போது போங்கள். பெரிய ஆள் வருகிறார் என்றால் இடத்தைக் கூட்டிப் பெருக்க விடாதீர்கள், எப்படிக் கிடக்கிறதோ அப்படியே காட்டுங்கள். மாலை போட்டே தீருவோம் என்று மாணிக்கம் மாதிரி ஆள் நின்றால், போட்டுவிட்டுப் பாலத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.

போன வாரம் காலையில் நல்ல மழை. கை தானாகக் குடையைத் தேடியது. எங்கே போகப் போகிறோம் என்று மறுபடியும் படுத்துவிட்டேன். போன் அடித்தது. தர்ஷினி. இப்போது அவள் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூட லீவு, அம்மாவோடு மேல் லயத்தில் இருக்கிறாள்.

"ஆயாம்மா, மழை பேயுது. இன்னும் வரலியே?"

"நான் இப்ப மெம்பர் இல்லடி."

"அதுக்கென்ன? அம்மா பிளேன்டீ ஊத்திட்டாங்க. பாலத்துல பாத்து வாங்க, வழுக்கும்."

எழுந்து குடையை எடுத்தேன்.