இடது கை கொடுத்த சம்மதம்

என் மைத்துனன் தயாளன் உயிரோடிருக்கும்போதே, அவன் செத்துவிட்டதாக முடிவு கட்டியவன் நான். எதற்காக? சிரிக்காதீர்கள்… செல்போன் விளையாட்டில் கிடைக்கும் ஒரு போனஸ் வாளுக்காக!

சரி, சிரித்துவிடுங்கள். பெரிய குற்றம் செய்யக்கூட வக்கில்லாதவன் நான். அந்த மாயாஜால விளையாட்டில் என் வீரனின் பெயர் ‘சந்தாபுரா சிங்கம்’. நிஜத்தில் இந்தச் சிங்கம், ஓசூர் ரோட்டைக் கடக்கப் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும்.

தயாளன் என் மனைவி கவிதாவின் தம்பி. ஆஸ்டின் டவுனில் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். அவன் ஆடியது வைத்தியன் வேடம். பச்சைத் தலைப்பாகை, தோளில் மூலிகைப் பை, பெயர் ‘ஆஸ்டின் டவுன் டாக்டர்’. யாரையும் வெட்டமாட்டான். விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டே பின்னால் வருவான். என்னை எத்தனை முறை எழுப்பியிருப்பான்!

எனக்கோ போனஸ் பைத்தியம். எந்தப் பூதத்துக்குக் கடைசி அடி கொடுத்தால் பெட்டி விழும், எந்தக் குகைக்குள் ஜோடியாகப் போனால் இரட்டிப்பாகக் கிடைக்கும்… எல்லாம் அத்துப்படி. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பலிபீடம்.

துணைக்கு வந்தவன் சம்மதித்து அந்த நெருப்பில் இறங்கினால், அவன் அடியோடு அழிந்துவிடுவான். மீட்கவே முடியாது. மிஞ்சியவனுக்குப் போனஸ். இதற்கென்றே ஒரு சோப்ளாங்கியை உருவாக்கித் தள்ளிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தந்திரம். சோப்ளாங்கியைப் பலி கொடுத்தால் கிடைப்பது துருப்பிடித்த கத்தி. வருடக்கணக்கில் வளர்ந்தவன் இறங்கினால்தான் நீல வாள்.

தயாளனுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோகும் முன் போனை என்னிடம் நீட்டினான்.

“மாமா, கேம்ல டெய்லி போனஸ் பெட்டிய மட்டும் எடுத்துடுங்க. ஒரு நாள் விட்டாலும் மொதல்லருந்து ஆரம்பிக்கணும், பேஜாரு.”

“நீ போய்ட்டு வாடா. உன் டாக்டரை நான் பாத்துக்கிறேன்.”

“அதான் பயமா இருக்கு!” என்று சிரித்தான்.

மறுநாளே, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடும்படி மருத்துவர் சொன்னார். கவிதா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் காப்பி வாங்கி வருகிறேன் என்று கேன்டீனுக்குப் போனேன் நான்.

அங்கே உட்கார்ந்து என்ன யோசித்தேன் தெரியுமா? ‘இனி அவன் எங்கே ஆடப்போகிறான்… வீணாகத்தானே போகும்?’ இதை நினைத்தது நான்தானா? நான்தான்! வேறு யார்?

வலது கையில் என் போன், இடது கையில் அவன் போன். ‘உன் தோழனுக்காக அழியச் சம்மதமா?’ என்று அவன் திரை கேட்டது. என் இடது கட்டைவிரல் சம்மதித்தது. பச்சைத் தலைப்பாகை கொஞ்சமும் தயங்காமல் நெருப்புக்குள் நடந்தது. காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்து, நீல வாள் என் சிங்கத்தின் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் தயாளன் பிழைத்துக்கொண்டான்! கண் திறந்தான். வார்டுக்கு மாற்றினார்கள். கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குள் முதலில் எழுந்தது மகிழ்ச்சியல்ல… பயம். அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

“போன் எங்க மாமா? டாக்டரைப் பாக்கணும்.”

“சர்வர் டவுன்டா.”

“சும்னே கதை விடாதீங்க.”

“நெஜமாடா. பெரிய அப்டேட்டு. வரட்டும், உன் டாக்டர் முன்னவிட சக்கத்தா இருப்பான் பாரு.”

நம்பிவிட்டான். நான் போகும்போதெல்லாம், “சர்வர் வந்துச்சா மாமா?” என்பதுதான் முதல் கேள்வி. சர்வர்காரன் தங்கை கல்யாணத்துக்கு ஆனேக்கல் போயிருக்கிறான், பஸ் கிடைக்கவில்லை என்று கதை கட்டுவேன். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். சிரித்தால் அவனுக்கு வலிக்கும்… தெரிந்தே சிரிக்கவைத்தேன். சிரிக்கிறவன் அடுத்த கேள்வி கேட்கமாட்டான் அல்லவா!

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஒவ்வொரு நாளும் நினைத்தேன். காய்ச்சல் திரும்பி வந்தது. அவன் போய்விட்டான். சர்வர் வரவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் கவிதா கேட்டாள்: “அவன் பொம்மை இன்னும் அதுல இருக்கும்ல? எனக்குக் காட்டுங்களேன்.”

என்ன செய்தேன் தெரியுமா? புதிதாக ஒரு வைத்தியனை உருவாக்கினேன். அதே பச்சைத் தலைப்பாகை, அதே மூலிகைப் பை. பெயரும் உடனே கிடைத்துவிட்டது. அந்தப் பெயரில் யாரும் உயிரோடு இல்லையே!

“பாருங்க, அவனாட்டமே தோளைச் சாய்ச்சு நிக்கிறான்,” என்று திரையைத் தடவினாள். அந்த விளையாட்டில் எல்லா வைத்தியர்களும் அப்படித்தான் நிற்பார்கள்.

அன்றிலிருந்து அவனுடைய பெட்டியை ஒரு நாளும் விடாமல் எடுக்கிறேன். இப்போது!

நேற்று மாலை, மாவரைத்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்க சிங்கத்தையும் அவன் பக்கத்துல நிறுத்துங்க. தனியா நிக்கிறான் பாவம்.”

நிறுத்தினேன்.

“அந்த வாள் அழகா இருக்கே. எங்க கெடச்சுது?”

சொல்லியிருக்கலாம். உங்களிடம் இவ்வளவு கொட்டுகிறவன், அவளிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம்…

“தயா குடுத்தான்,” என்றேன்.

அவள் திரையிலிருந்த வாளை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.