ஒரே குழாயில் இழுத்த வயர்கள்

கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் பதினேழு வருடம் அறை துப்புரவு செய்தவர் அவர். அங்கே என்ன வேலை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் சொன்னார். லீவில் வந்திருந்தபோது, நிந்தவூரில் தன் ஒரே மகளுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் பூசாத சுவர்களுக்கு நடுவே நின்றபடி சொன்னார்.

அந்த ஹோட்டலில் ஒவ்வோர் அறையிலும் கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு சிறு குமிழ் இருக்குமாம். திருகினால் சீலிங்கிலிருந்து இசை வரும். அந்தந்த அறைக்கு வேண்டிய அளவு கூட்டலாம், குறைக்கலாம். அந்தக் குமிழ்களை அவர் தினமும் துடைத்திருக்கிறார். ஒருநாளும் திருகிப் பார்த்ததில்லை.

"என்ட புள்ளட ஊட்டுல எல்லா அறையிலயும் அது இரிக்கணும் தம்பி. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினா குர்ஆன் ஓதல் கேக்கணும். குசினியில சமைச்சுக்கிட்டு நிண்டாலும் கேக்கணும். ஏலுமா?"

"ஏலும் காக்கா," என்றேன். வயதில் மூத்தவரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் வயரிங் வேலை செய்பவன். கல்முனையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ வீடுகளுக்கு லைட்டும் ஃபேனும் போட்டிருக்கிறேன். ஆனால் வீடு முழுவதற்கும் ஸ்பீக்கர் போட்டு அனுபவமில்லை. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஃபோனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். ஸ்பீக்கர் வயரைக் கரண்ட் வயரோடு சேர்க்காமல் தனிக் குழாயில் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாவற்றிலும் சொன்னார்கள்.

தெரிந்துதான் பிழை செய்தேன். மாரி தொடங்குமுன் பூச்சை முடிக்க வேண்டுமென்று மேசன்மார் சாந்து குழைத்துக்கொண்டு நின்றார்கள். தனிக் குழாய் வைப்பதென்றால் ஆறு அறைச் சுவரையும் மறுபடி வெட்ட வேண்டும். ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, கரண்ட் வயர் போன குழாய்க்குள்ளேயே ஸ்பீக்கர் வயரையும் இழுத்தேன். ஃபேன் ரெகியூலேட்டர் இருந்த அதே பெட்டியில், அதன் பக்கத்திலேயே வொலியூம் குமிழையும் பூட்டினேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது பார்க்க வடிவாகக்கூட இருந்தது.

வீடு முடிந்து, சுவருக்குப் பாதி உயரம் டைல்ஸ் ஒட்டியாயிற்று. வெளிநாடு போதும் என்று அவர் ஊரோடு வந்து சேர்ந்தார். நான் அம்ப்ளிபயரை ஹோலில் வைத்து ஓதலைப் போட்டேன். ஆறு அறையிலும் ஒரே நேரத்தில் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் போனார். ஒவ்வொரு குமிழையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருகினார். குசினியிலிருந்து அவர் மனைவி, "இஞ்சயும் கேக்குது!" என்று கூப்பிட்டார். நல்ல காற்று வீசிய காலை நேரம் அது. ஃபேன் யாருக்கும் தேவைப்படவில்லை.

பகல் தொழுகை லுஹருக்குப் பிறகு, வெயில் ஏறிப் புழுங்கத் தொடங்கிய நேரம், எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, ஒரு சத்தம் வருது. இரையிது."

போனேன். தகரப் பேணிக்குள் அகப்பட்ட வண்டுபோல ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓர் இரைச்சல். குமிழைக் குறைத்தாலும் குறையவில்லை. ஓதுபவர் மூச்சு விடும் இடங்களில் அது மட்டுமே கேட்டது. அம்ப்ளிபயரில்தான் கோளாறு என்று சொல்லிக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு குறையுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாம் முறை போனபோது அவர் பக்கத்து அறையில் இருந்தார். வீட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரே ஃபேனை நான் தற்செயலாக நிறுத்தினேன். இரைச்சலும் நின்றது. திரும்பப் போட்டேன், வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வரும் காலடி கேட்டதும் ஃபேனை ஓடவிட்டபடியே நின்றேன்.

"என்னவாம்?" என்றார்.

"கடல் பக்கம்தானே காக்கா. உப்புக் காத்து குமிழுக்குள்ள பூந்திரிக்கி."

ஆறு குமிழையும் புதிதாக மாற்றினேன். அவர் என்னை நம்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு வந்து, உப்புப் படியாமல் இருக்க அந்தக் குமிழ்களை ஒரு மெல்லிய துணியால் துடைத்திருக்கிறார். அதை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார்.

புதுக் குமிழ்களும் இரைந்தன. மூன்றாம் முறை போய் எலக்ட்ரோனிக் ஃபேன் ரெகியூலேட்டர்களைக் கழற்றிப் பழைய மாதிரி ரெகியூலேட்டர் போட்டேன். வண்டுச் சத்தம் தணிந்து ஒரு முனகலாக மாறியது. ஆனால் போகவில்லை. ஏதாவது ஓர் அறையில் ஃபேன் ஓடினாலும் எல்லா அறையிலும் அந்த முனகல் இருந்தது. குழாய்க்குள் கிடந்ததை நான் வெளியே நின்று எப்படி மாற்றுவது?

நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வந்து கேட்டார்.

"தம்பி, எல்லா ஃபேனையும் நூத்தா சத்தம் நிக்குதே. அது ஏன்?"

அவரும் ஹோலில் இருந்து எழுந்து வந்தார். இனி ஒளிக்க இடமில்லை.

"ரெண்டு வயரும் ஒரே குழாய்க்குள்ள கிடக்கு," என்றேன். "அப்பிடிப் போடக் கூடா. நான்தான் போட்டன்."

"இப்ப என்ன செய்யணும்?"

"சுவர ஒடைக்கணும் காக்கா. ஆறு அறையும். டைல்சும் கழட்ட வரும். நானே செஞ்சு தாறன், கூலி வேணாம்."

"அடுத்த மாசம் கலியாணம்," என்றார் மனைவி. "கலியாண ஊட்டயா ஒடைக்கிற?"

அவர் என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு எப்ப தெரிஞ்ச?" என்று கேட்டார்.

"ரெண்டாந்தரம் வந்த அண்டைக்கே."

"அப்ப அந்த உப்புக் கதை?"

"பொய் காக்கா."

சுவரின் மேலே பிளாஸ்டிக் பட்டிக்குள் வயரை இழுக்கலாம், உடைக்கத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் டைல்சைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "வேணாம்," என்றார். ஹோலுக்குப் போய், ஃபேனைப் போட்டுவிட்டு அதன் கீழே உட்கார்ந்தார்.

கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி மருமகன் பெண் வீட்டோடு வந்து சேர்ந்தார். சுபஹு நேரம் வீட்டிலுள்ள எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டு ஓதலைப் போட்டுப் பார்த்தார்கள். புழுக்கத்தில் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாரும் நனைந்துபோனார்களாம். பேரப்பிள்ளை பிறந்ததும் அதையும் விட்டார்கள். ஃபேன் நின்றால் பிள்ளை அலறி எழும்பும். ஓதல் கேட்க மருமகனுக்கு ஃபோன் போதும்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டது அந்தக் குமிழ்களைக் கழற்றி வெறும் மூடி போடுவதற்கு. வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஏன் என்னைக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் வீட்டில்தான் இருந்தார். பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "சுகமா தம்பி?" என்று கேட்டார். "ஓம் காக்கா," என்றேன். ஆறு குமிழ்களையும் மேசையில் வைத்தபோது, "கொண்டு போங்க, வேற ஊட்டுக்கு உதவும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

சீலிங்கில் இருக்கும் ஸ்பீக்கர்களையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். எடுத்தால் ஓட்டை தெரியும் என்று மகள் சொன்னார். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.