அத்தான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

என் கணவர் கணக்கு வாத்தியார். திண்டுக்கல்லில் அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பிலும் கேட்கும். அந்தக் குரல் போய் ஆறு வருஷமாகிறது. அதைப் பறித்தது அவருடைய அண்ணன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கணவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் நோய். இதயத்தின் மேலறையை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கிறது, அதில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று டாக்டர் விளக்கினார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்தபின் பல் தேய்க்கும்போது ஈறில் லேசாக ரத்தம் வந்தது. சேவுகம்பட்டித் தோட்டத்திலிருந்து வந்திருந்த அந்த அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அதைப் பார்த்துவிட்டார்.

"இம்புட்டு ரத்தம் போகுது, இன்னும் அதைத் திங்கிறியா? நிறுத்திப் பாருடா. ஒண்ணும் ஆகாது."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம், அத்தான்" என்றேன்.

"நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல. நீ செத்த உள்ள போம்மா."

உள்ளே போனேன். அதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை. கணவர் எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் வாரம் வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் என்னிடம், "எல்லாம் விதி" என்றார்.

போன வருஷம் அதே நோய் அத்தானுக்கும் வந்தது. அவர் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து படுத்துவிட்டார். புண் ஆறியதும் டாக்டர் இரண்டு வழி சொன்னார். மறுபடி கவனமாக மாத்திரை. இல்லையென்றால் தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு சின்னக் கருவியை அனுப்பி அந்தப் பையின் வாயை அடைப்பது. கருவி வைத்தாலும் கொஞ்ச காலம் மாத்திரை வேண்டும். இரண்டிலும் ஆபத்து உண்டு.

அத்தான் நேராக என் வீட்டுக்கு வந்தார். "எதும்மா நல்லது? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"ரெண்டும் எதுக்கு அத்தான்? மாத்திரையை நிறுத்திப் பாருங்க. ஒண்ணும் ஆகாது."

அவர் முகம் வெளுத்தது. எதிரே சக்கர நாற்காலியில் தம்பி. வாயோரம் வழிந்ததைத் துடைக்கத் துண்டை எடுத்த நான், வேண்டுமென்றே துடைக்காமல் நின்றேன். அத்தான் பார்க்கட்டும் என்றுதான். எனக்கு இனித்தது.

அப்போது கணவர் இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். "டா... டாக்..." அதற்கு மேல் வரவில்லை. அவர் கண் என்னையே முறைத்தது. தன்னைக் கவிழ்த்தவனுக்காக என்னிடம் கோபப்படுகிறாரே என்று வெறுப்பாக இருந்தது.

ஆனாலும் டாக்டரிடம் கேட்கவேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மதுரையில் கருவி வைத்தார்கள். அத்தான் இப்போது மாத்திரை இல்லாமல், கைத்தடி இல்லாமல் நடக்கிறார்.

ஞாயிறுதோறும் அவரை வரச் சொல்கிறேன். தம்பியைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, சோறு ஊட்டவேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுத் தம்பி விழுந்த காரணத்தைச் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். ஊட்டும்போது அவர் அழுவார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். போதும், எழுந்து போங்க அத்தான் என்று இன்றுவரை சொன்னதில்லை.