பல்லி முட்டையும் மாட்டு லாடமும்

கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். "பல்லி வளக்குறாகளே, அவுக வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். சொட்டுநீர்க் குழாய்க் கடை போட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. சுற்றுவட்டாரத்தில் எத்தனை திராட்சைத் தோட்டத்துக்குக் குழாய் பதித்துக் கொடுத்திருப்பேன்! அதெல்லாம் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, பல்லிதான் நின்றது. முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது நானே அந்த அடையாளத்தைச் சொல்லி வழி காட்டுகிறேன்.

நான் வளர்ப்பது சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. சிறுத்தைப் பல்லி என்று பெயர். ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், கொழுத்த வால். சுவரில் ஏறத் தெரியாது. கண்ணுக்கு இமை உண்டு, நம்மைப் போல மூடித் திறக்கும். கோயம்புத்தூரில் முறையாக வளர்க்கும் ஒருவரிடம் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ஊரெல்லாம் கிளியும் மீனும் வளர்க்க, உங்களுக்கு மட்டும் ஏன் புத்தி இப்படிப் போகிறது என்று மனைவி கேட்டாள். கண்ணாடித் தொட்டிக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது, நான் விழுந்துவிட்டேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அவளும் கொஞ்ச நாள்தான் முறுக்கிக்கொண்டிருந்தாள். தீனிக்காகக் கோதுமைத் தவிட்டில் புழு வளர்ப்பேன். அந்தத் தட்டு சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்று சட்டம் போட்டவளே, பிறகு புழுக்கள் மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவி, பிள்ளைக்குச் சோறு பிசைகிறவளைப் போலப் பக்குவமாகக் கலந்து வைப்பாள். எங்களுக்குப் பிள்ளை பிறப்பதற்கு முந்தைய காலம் அது. நினைத்தால் இப்போதும் இனிக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் என் மாமனார் எங்கள் வீட்டு வாசலை முதன்முதலாக மிதித்தார். மயிலாடும்பாறைக்காரர். ஆடு, மாடு, கோழி என்று உயிர்களோடேயே கிடந்தவர். நாங்கள் வீட்டில் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்தக் கோபத்தில் வருடக்கணக்காக மகள் முகத்தில் விழிக்கவில்லை. மாமியார் காலமான பிறகு, தேனியில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளிடம் வந்தார்.

என்னோடு சண்டை எதுவும் இல்லை. என்னைக் கூப்பிடத்தான் அவரிடம் ஒரு சொல் இல்லை. நான் எதிரிலேயே நிற்பேன். "ஆத்தா, கடையடச்சு வந்தாச்சான்னு கேளு" என்று அடுப்படியில் இருக்கும் மகளுக்குக் குரல் கொடுப்பார். பங்காளி வீட்டு மருமகன்களையெல்லாம் வாய் நிறைய "மாப்ள, மாப்ள" என்பவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்கு நான் ஏங்கிக் கிடந்தேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், பல்லி பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை.

"ஏத்தா, இது சத்தம் குடுக்காதா?"

"குடுக்காதுப்பா."

"அப்ப சகுனம் யாரு சொல்லுறது? சகுனம் சொல்லாத பல்லிக்குத் தீனி ஒரு கேடா?"

இப்படிக் கேலி பேசிக்கொண்டே, அது கண் மூடும்போது தானும் மூடிப் பார்ப்பார். கதவிடுக்கில் நின்று நானும் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம்.

பெண் பல்லி சினைப்பட்டது. அதற்கு முன்பும் முட்டை இட்டிருந்தது, எல்லாம் கரு இல்லாத கூமுட்டை. மஞ்சளாகிப் பூசணம் பிடித்துப் போகும். ஒவ்வொரு தடவையும் சோறு இறங்காது எனக்கு. இந்தத் தடவை அது தென்னை நார்த்தூளைத் தோண்டி, தோல் போன்ற ஓட்டோடு இரண்டு வெள்ளை முட்டைகளை இட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியது. நான் போட்ட கூச்சலில் மாமனாரும் வந்துவிட்டார். கோழி முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பழகிய கண். குனியக் கூடாது என்பதை மறந்து குனிந்தார்.

"ரத்தம் ஓடுதே! நெசமாவே உசுரு இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னிடம் என்றே எடுத்துக்கொண்டேன்.

மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, சூட்டுத் தகடு வைத்து, சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ளத் தெர்மோஸ்டாட் பொருத்தியிருந்தேன். நாற்றுப்பண்ணையில் வாங்கிய, பெர்லைட் என்கிற வெள்ளைத் துகளை ஈரமாக்கிப் பரப்பி, அதில் முட்டைகளைப் பாதி புதைத்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பல்லி முட்டையில் அதுதான் முக்கியம். இட்ட கொஞ்ச நேரத்திலேயே கரு மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு அமுங்கிச் செத்துவிடும். பொரிக்கும் வரை புள்ளி மேலேயே இருக்க வேண்டும்.

பெட்டியை மூடும்போது மாமனார் மகளிடம் கேட்டார்: "இரும்பு எதுவும் போடலையா? இடி விழுந்தா முட்டை கெட்டுப்போகும்ல?"

எங்கள் பக்கம் கோழியை அடைக்கு வைத்தால் கூடையில் ஒரு இரும்புத் துண்டு கிடக்கும். இடிச் சத்தம் முட்டைக்குள் போகாமல் இரும்பு வாங்கிக்கொள்ளும் என்பார்கள். "இரும்புக்குப் பதில் தெர்மோஸ்டாட் இருக்குன்னு சொல்லு" என்று நானும் மனைவியிடமே சொன்னேன். இடையில் மாட்டிக்கொண்டவள் இரண்டு பேரையும் முறைத்தாள்.

சில நாள் கழித்துக் கூடலூரில் ஒரு கல்யாணம். மாமனார் கண்ணை வைத்துக்கொண்டு வர முடியாதென்று வீட்டில் இருந்துகொண்டார். மலைப்பக்கம் சாரல் பிடித்து, காற்றும் இடியுமாக இருந்தது. நனைந்துகொண்டே சாயங்காலம் திரும்பினோம். மாடிப்படி உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள" என்றார்.

எனக்குப் படி தடுக்கியது.

"கரண்டு போயிருச்சு மாப்ள. பெட்டி சில்லுனு ஆயிருச்சு. பதறாதீக, உசுரக் காப்பாத்திட்டேன்."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். காய்கறிக் கூடையில் தவிட்டை வறுத்துக் கொட்டி, மேலே தன் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, நடுவில் முட்டைகளை வைத்திருந்தார். கூடைக்குப் பக்கத்தில் காவலுக்கு அரிவாள்மணை.

"சும்மா விடலை. அப்பப்ப பெரட்டிப் பெரட்டி விட்டேன். ஒரே பக்கமாக் கெடந்தா குஞ்சு ஓட்டுல ஒட்டிக்கிரும் பாருங்க. மேல ஏதோ அழுக்கு ஒட்டியிருந்துச்சு, அதையும் எச்சி தொட்டுத் தொடச்சு விட்டுட்டேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, கோழி முட்டைக்கு. ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று கோழி முட்டையைப் புரட்டுகிறோம், ஒட்டிக்கொண்டதைப் பிரிக்கக் கூடாது என்று பல்லி முட்டையைப் புரட்டாமல் விடுகிறோம். எது மேல் எது கீழ் என்று பார்க்கப் புள்ளியும் இல்லை.

கடையில் ஒரு வால்வை மாற்றி எடுத்துக் கொடுத்தாலே தெருவுக்குக் கேட்கக் கத்துகிறவன் நான். தொண்டை வரை வந்துவிட்டது. மனைவி ஈரச் சேலையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அத்தனை சிரிப்பு. வாய் திறந்தால் அந்த 'மாப்ள' போய்விடும், திரும்ப வராது.

"நல்லதாப் போச்சு மாமா. நீங்க இல்லேன்னா செத்துருக்கும்" என்றேன்.

அதன் பிறகு காலையில் எழுந்ததும் "மாப்ள, எப்பிடி இருக்கு?" என்பார். "இருக்கு மாமா" என்பேன். முட்டைகள் குழி விழுந்து, சுருங்கி, கடைசியில் பூசணம் பூத்தன. எடுத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். அழுகை வந்தது, பல்லி முட்டைக்கு அழுதான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு இடிச்ச இடிதான் மாமா. கூமுட்டையாப் போச்சு" என்று அவரிடம் சொன்னேன். இரும்பைக் கிண்டல் செய்த அதே வாயால்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, இடி பொல்லாதது" என்றார். அந்த வாரமே ஊருக்குப் பஸ் ஏறினார்.

மறுவருடம் பெண் பல்லி திரும்பவும் இட்டது. டார்ச் வெளிச்சத்தில் நரம்பு ஓடியது. மனைவி போனில் சொன்ன மறுநாளே மாமனார் துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்து இறங்கினார். அவிழ்த்தால் மாட்டு லாடம், அவர் கடைசியாக வைத்திருந்த காளையின் காலில் இருந்தது. பெட்டியின் மூலையில், பெர்லைட் அசையாமல் தானே வைத்தார். நான் தெர்மோஸ்டாட் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கும் அந்த லாடம் அங்கேதான் கிடக்கிறது. ஈரத்தில் துருவேறி, ஒவ்வொரு வருடமும் பெர்லைட்டில் கறை பிடிக்கிறது. மாமாதான் இல்லை.

அந்தத் தடவை அவர் பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதைக் கவனித்தேன். வயசான உடம்பு, இடுப்பு வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் கடையில் குழாய் அளந்துகொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன்.

"மாப்ள, கரண்டு போயிருச்சு. புள்ளி மேலாக்கத்தான் இருக்கு. நான் தொடலை."

குழாயைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு வந்தேன். மனைவியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், புள்ளி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போன தடவை ஊருக்குப் போறதுக்கு முந்தியே அப்பா கேட்டாக. 'நெசமாவே இடிதானா'ன்னு. எனக்குப் பொய் வரலைங்க, சொல்லிட்டேன். 'மாப்ள இடின்னு சொல்லிட்டாருல்ல, இடின்னே இருக்கட்டும். நான் கேட்டதா மூச்சு விடாத'ன்னாக."

எட்டிப் பார்த்தேன். அவர் பெட்டிக்கு ஓரடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் பின்னால்.

மின்சாரம் வந்தது, போனது, வந்தது. பொரிக்கும் நாள் நெருங்கியதும் முட்டைகள் வேர்த்தன. ஒரு காலையில் ஒன்று கீறி, மூக்கு எட்டிப் பார்த்தது. மெள்ள மெள்ள முழு உடம்பும் வெளியே வந்தது. விரல் நீளம், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம். அது எங்களைப் பார்த்துக் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தது.

மாமா பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்க்காமலே என் பக்கம் திரும்பினார்.

"இப்பத் தொடலாமா மாப்ள?"