தொண்டையைத் தொட்டுச் சொன்ன சத்தியம்

பிள்ளைகளே, இந்த மும்பையில் கொத்தமல்லிக்கட்டு விற்கிறவரும் சத்தியம் செய்வார். இரண்டு விரலால் தொண்டைத் தோலைப் பிடித்துக்கொண்டு, "மா கசம், காலையில பறிச்சது" என்பார். வீட்டில் வந்து கட்டைப் பிரித்தால் உள்ளே அழுகியிருக்கும். தாராவிக்கு வந்து இருபது வருஷமாகியும், பெற்ற தாய் மேல் ஆணையிடுகிற அந்த விரல்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஆட்டைக் களவு கொடுத்தவன்கூட அதற்குமேல் வாய் திறக்கமாட்டான்.

நான் தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைதோறும் கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். அதற்குக் கர்ச்சி என்று பேர். மீதிக் கூலி முதலாளியிடமே நிற்கும். "உன் மகள் காலேஜ் சேரும்போது, ஜூன்ல, மொத்தமா தர்றேன். மா கசம்" என்று சேட் தொண்டையைத் தொட்டார். நான் எழுதி வாங்கவில்லை. தாய் மேல் சொன்னவரிடம் சீட்டுக் கேட்டால் அந்தத் தாயையே நம்பாதது போல ஆகும் என்று நினைத்துவிட்டேன். பக்கத்து மிஷின் குமரேசன் அன்றைக்கே சிரித்தான். "வே அண்ணாச்சி, அவன் அம்மையா வந்து ஒமக்குச் சம்பளம் தரப்போறா? துண்டுச் சீட்டாவது வாங்கும்வே."

ஜூன் வந்தது. சயானில் ஒரு காலேஜில் என் மகள் ஜெயந்திக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட மூன்றே நாள். சேட்டிடம் போய் நின்றேன். அவருடைய அம்மாவும் அன்று அங்கேதான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு எடுத்த பார்ட்டி பணம் தரலை. தீபாவளிக்கு பக்கா, மா கசம்." விரல் தொண்டைக்குப் போனது.

பதறிப்போய், "அம்மா மேல வேண்டாம் சேட்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "சின்னப் பிள்ளையில இருந்து என் மேல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான். எனக்கு என்ன ஆச்சு? பாரு, நல்லா இருக்கேன்!" சேட்டும் சிரித்தார். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர்களுக்கு அது வெறும் பேச்சு. நான்தான் ஒரு வருஷம் அதைச் சாமி போலக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடன் கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. ஜெயந்தி இப்போது செம்பூரில் துணிக்கடையில் நிற்கிறாள். நான் அதே மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விட்டு வந்தால் அவரிடம் நிற்கிற கூலியும் போய்விடுமே. நீங்கள் வேலைக்குப் போனால் முதல் நாளே எழுதி வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

போன வாரம் கடைக்குக் கிளம்பும்போது ஜெயந்தி கேட்டாள்: "அடுத்த வருஷம் சேத்துருவீங்களா, அப்பா? பக்காவா?"

யோசிக்குமுன் என் கை தொண்டைக்குப் போய்விட்டது. அவள் அந்த விரல்களையே பார்த்தாள். ஊரில் என் அம்மா உயிரோடு இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் பேத்தியைத்தான் கேட்பாள். கையை இறக்கினேன். சாமி படத்துக்கு முன்னால் சூடம் இருந்தது. அதை எடுக்கவும் துணிவில்லை.

ஜெயந்தி செருப்பை மாட்டிக்கொண்டு பதிலுக்காக வாசலில் நின்றாள்.